முதலில் படித்தவர்களை எண்ணுங்கள்: ‘மிகச் சிறந்த நாவல்’ வாக்கெடுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இதுவரை எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்த நாவல் எது என்று வாசகர்களை விவாதிக்க வைத்து, பிறகு வாக்கும் கேட்கப் போகிறீர்கள். இது விடையில்லாத கேள்வி, வீண் வேலை என்பவர்கள் உண்டு. நாங்கள் அந்தக் கட்சி இல்லை. ஒழுங்காக நடந்தால் இதுபோல் படிக்கத் தூண்டும் விளையாட்டு வேறு கிடையாது. ஆனால் இவ்வகை வாக்கெடுப்புகளில் பெரும்பாலானவை அளப்பது ஒன்று, அறிவிப்பது இன்னொன்று. எந்த நாவலை அதிகம் பேர் படித்திருக்கிறார்கள் என்று அளந்துவிட்டு, எது சிறந்தது என்று அறிவித்துவிடுகிறார்கள். அந்தக் கோளாறு எங்கே நுழைகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

ஆளுக்கு ஓர் ஓட்டு, அதிகம் வாங்கியது முதலிடம் என்ற முறையை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுங்கள். நூறு பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்குத் தஸ்தயேவ்ஸ்கிதான் உச்சம். அவர்களில் 15 பேர் ‘கரமசோவ் சகோதரர்கள்’, 14 பேர் ‘குற்றமும் தண்டனையும்’, 11 பேர் ‘அசடன்’ என்று போடுகிறார்கள். டால்ஸ்டாய் அன்பர்கள் 25 பேர்: ‘அன்னா கரீனினா’வுக்கு 13, ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு 12. வேறொருவரின் நாவல் ஒன்றுக்கு 19. மிச்சம் 16 ஓட்டு ஆளுக்கொரு பக்கம் சிதறுகிறது. வெல்வது 19 ஓட்டு வாங்கிய நாவல். தேர்தல் முடிந்த மறுநாள் ஓட்டுப் பிரிந்துவிட்டது என்று பேசிக்கொள்வோமே, அதே கதைதான். ஒரே ஒரு நல்ல நாவலை எழுதிவிட்டுப் பேனாவை மூடியவருக்கு இந்த முறையில் ஆதாயம். நான்கு எழுதியவருக்கு நஷ்டம். பட்டியல் நீள நீள இது இன்னும் மோசமாகும். முந்நூறு தலைப்புகள் களத்தில் இருந்தால் நூற்றுக்கு நான்கு ஓட்டு வாங்கியதுகூட முதலிடம் பிடிக்கலாம். மற்ற 96 பேர் அந்த நாவலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது வாக்குச்சீட்டில் எங்கும் பதிவாகாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து ‘ஓர் ஆசிரியருக்கு ஒரு நூல்’ என்ற விதி. பிபிசி 2003-ல் பிரிட்டனில் நடத்திய ‘தி பிக் ரீட்’ வாக்கெடுப்பில், அதன் முதல் நூறில், ஹாரி பாட்டர் நூல்கள் நான்கு 5, 22, 23, 24 ஆகிய இடங்களில் உட்கார்ந்திருந்தன. இறுதிச் சுற்றுக்கு 21 நூல்களை எடுத்தபோது ஆசிரியருக்கு ஒன்று என்று கத்தரித்தார்கள். அமெரிக்காவில் பிபிஎஸ் தொலைக்காட்சி 2018-ல் நடத்தியதில் நூறு தலைப்புகளின் பட்டியலைத் தயாரிக்கும்போதே அந்த விதி இருந்தது. எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. ‘அன்னா கரீனினா’வா, ‘போரும் அமைதியும்’ நாவலா என்பது வாசகர்கள் காலங்காலமாகச் சண்டை போடும் விஷயம். அந்தச் சண்டையை வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே நீங்கள் முடித்துவைப்பானேன்? எண்ணும் முறையைச் சரியாக வைத்தால் ஓட்டு பிரியவே பிரியாது. இந்த விதி தேவைப்படவும் தேவைப்படாது.

தொடர் நூல்களுக்கு மட்டும் ஒரு விதி வேண்டும். அதையும் பரிந்துரை தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். பிக் ரீடில் வென்ற ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 55 ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாக வந்தாலும் எழுதப்பட்டது ஒரே நாவலாக. பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்டின் பெருநாவல் ஏழு பாகம், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். இவற்றை யாரும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதில்லை. ஹாரி பாட்டர் அப்படியல்ல: ஒவ்வொரு நூலுக்கும் தனித் தொடக்கம், தனி முடிவு. முதல் பாகத்தோடு நிறுத்திவிட்ட வாசகருக்கு ஒரு முழுக்கதை கைக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால் தனி நூல், வராவிட்டால் ஒரே நாவல். சந்தேகத்துக்கிடமான பத்துப் பதினைந்து தலைப்புகளுக்கு மூன்று பேர் உட்கார்ந்து முடிவெடுத்தால் போதும்.

அடுத்து, மதிப்பெண் முறை. ஆளுக்குப் பத்து நாவல்களை வரிசைப்படுத்தச் சொல்லி, முதலாவதற்குப் பத்து, இரண்டாவதற்கு ஒன்பது என்று கொடுத்துக் கூட்டுவது. 2007-ல் வெளிவந்த ‘தி டாப் டென்’ நூலுக்காக 125 எழுத்தாளர்களிடம் இப்படித்தான் வாங்கிக் கூட்டினார்கள். ‘அன்னா கரீனினா’ முதலிடம் பெற்றது. ஓர் ஓட்டு முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, தன் நாவலுக்குப் போட்டியாக நிற்கும் நாவலை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவது அல்லது எழுதாமலே விடுவது. இந்த முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்த கணிதவியலாளர் போர்டாவே, தன் திட்டம் நேர்மையானவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டதாகக் கூறுவார்கள். நம் வாசகர்கள் நேர்மையானவர்களே. ஆனாலும் தஸ்தயேவ்ஸ்கி என்று வந்துவிட்டால் எதற்கும் துணிவார்கள்.

இரண்டாவது ஓட்டைதான் பெரிது. பத்துப் பேர் பட்டியலில் ஒரு நாவல் இல்லை என்றால், அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றும் இருக்கலாம், அவர்கள் அதைப் படிக்கவே இல்லை என்றும் இருக்கலாம். மதிப்பெண் முறை இரண்டுக்கும் சுழியத்தையே போடுகிறது. பள்ளியில் பாடமாக வைக்கப்பட்ட நாவல், திரைப்படமான நாவல், பல மொழிகளில் எளிதாகக் கிடைக்கும் நாவல் ஆகியவை ஓட்டுப் போடும் முன்பே பல படிகள் மேலே ஏறி நிற்கின்றன. ஒரே ஒரு மொழிபெயர்ப்பு வந்து அதுவும் அச்சில் இல்லாமல் போன நாவல், படித்த அத்தனை பேரும் அதையே முதலில் வைத்தாலும், பட்டியலின் அடியில்தான் கிடக்கும்.

ஆகவே வாக்குச்சீட்டில் நாவல்களுக்கு எதிரே இடம் கேட்கும் முன், ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள் வையுங்கள்: முழுதும் படித்தேன், பாதியில் விட்டேன், படிக்கவில்லை. வாசகர் தான் படித்தவற்றையும் பாதியில் விட்டவற்றையும் மட்டும் தன் விருப்பப்படி வரிசைப்படுத்தட்டும். ஏழு படித்திருந்தால் ஏழு. சமமாகத் தோன்றும் இரண்டை ஒரே இடத்தில் வைக்கவும் அனுமதியுங்கள். இல்லாத வேற்றுமையைக் கட்டாயப்படுத்தி வாங்கினால் வெறும் இரைச்சல்தான் வந்து சேரும்.

எண்ணுவது இப்படி. நாவல்களை இரண்டிரண்டாக எடுத்து, அந்த இரண்டையும் படித்தவர்களின் சீட்டுகளை மட்டும் பிரித்து, எதை எத்தனை பேர் மேலே வைத்தார்கள் என்று பாருங்கள். ‘அ’ என்ற நாவலை 800 பேர் படித்திருக்கிறார்கள், ‘ஆ’வை 150 பேர்தான். இரண்டையும் படித்தவர்கள் 120 பேர். அவர்களில் 78 பேர் ‘ஆ’வை மேலே வைக்கிறார்கள், 42 பேர் ‘அ’வை. ஓட்டு எண்ணிக்கையிலும் மதிப்பெண் கூட்டலிலும் ‘அ’ எங்கேயோ போய்விடும். நேருக்கு நேர் நிறுத்தினால் ‘ஆ’ நூற்றுக்கு 65 பெற்று வெல்கிறது. எல்லா எதிராளிகளையும் இப்படி வென்ற நாவல் இருந்தால் அதுவே முதலிடம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தோர்சே 1785-லேயே விளக்கிவிட்ட முறை இது. படித்தவர்களை மட்டும் எண்ணுவது நாம் அதில் சேர்க்கும் நிபந்தனை. இங்கே ஓட்டும் பிரியாது. ஒருவர் தஸ்தயேவ்ஸ்கியின் மூன்று நாவல்களையும் மேலே வைத்தால் மூன்றுமே மற்ற எல்லாவற்றையும் வெல்லும் ஓட்டைப் பெறுகின்றன.

இரட்டைகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். 20 நாவல்களுக்கு 190 இரட்டைகள், 50-க்கு 1,225, நூறுக்கு 4,950. வாசகரிடம் 190 கேள்வி கேட்கப் போவதில்லை. அவர் தரும் ஒரே வரிசையிலிருந்து கணினி எல்லாவற்றையும் பிரித்துக்கொள்ளும். ஆனாலும் இறுதிப் பட்டியல் இருபதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கணக்குக் கடினமாகிவிடும் என்பதால் அல்ல. பட்டியல் நீண்டால் இரண்டையும் படித்தவர்கள் அருகிப்போவார்கள்.

எத்தனை பேர் இருந்தால் ஒரு இரட்டையை நம்பலாம்? முப்பது பேருக்குக் குறைந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ‘ஒப்பிட இயலாது’ என்று போடுங்கள். முப்பது பேரிலும்கூடத் தற்செயல் விலகல், அதாவது யார் யார் வாக்களிக்க வந்தார்கள் என்பதாலேயே வரும் ஏற்ற இறக்கம், இருபக்கமும் 18 விழுக்காடு வரை போகும். 16-க்கு 14 என்ற வெற்றியில் ஒன்றுமே இல்லை. 120 பேருக்கு விலகல் ஏறத்தாழ 9, 400 பேருக்கு 5. மேலே சொன்ன 65 விழுக்காடு இந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது, அதனால் நம்பலாம். 53-க்கு 47 என்று வந்தால் சமம் என்றே அறிவியுங்கள். நடத்துபவர்களுக்குச் சமம் என்று சொல்லக் கை வராது என்பது தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த முறையிலும் ஒரு சாய்வு உண்டு; அதை மறைக்கக் கூடாது. எழுநூறு பக்கக் கடினமான நாவலைக் கடைசிவரை படிப்பவர் அந்த வகை எழுத்தை விரும்புபவராகவே பெரும்பாலும் இருப்பார். பிடிக்காதவர் ஐம்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்திருப்பார். முழுதும் படித்தவர்களை மட்டும் எண்ணினால் கடினமான நாவல்களெல்லாம் அளவுக்கு மீறி மேலே வரும். பாதியில் விட்டவர்களுக்கு வரிசையில் இடம் கொடுப்பது இதற்காகத்தான். நான்கில் ஒரு பங்கையாவது கடந்தபின் விட்டிருந்தால் அவர் கருத்தும் கருத்தே. முழு எண்ணிக்கையையும் பாதியில் விட்டவர்களை நீக்கிய எண்ணிக்கையையும் அருகருகே வெளியிடுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு காட்டும் நாவல் எது என்பது, எங்களைக் கேட்டால், முதலிடம் எது என்பதைவிடச் சுவாரசியமான செய்தி.

சில நேரம் வட்டம் விழும். ‘அ’ ‘ஆ’வை வெல்லும், ‘ஆ’ ‘இ’யை வெல்லும், ‘இ’ திரும்பி ‘அ’வை வெல்லும். கணக்கில் பிழை என்று பயந்துவிடாதீர்கள். கொந்தோர்சேயே கண்டு எழுதிய புதிர்தான். ஒவ்வொரு இரட்டையிலும் வெவ்வேறு வாசகர்கள் இருப்பதால் நம் முறையில் இது கொஞ்சம் கூடுதலாகவே வரும். வட்டத்தில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பது ஒரு வழி. மூன்றையும் கூட்டாக முதலிடம் என்று அறிவிப்பது இன்னொரு வழி. எதுவானாலும் முடிவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கக் கூடாது.

இனி பரிந்துரைச் சுற்று. மோசடி நடப்பது பெரும்பாலும் இங்கேதான். மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது, விதி அனுமதிப்பதைக் கூட்டமாகச் செய்கிறார்கள், அவ்வளவே. 1998-ல் மாடர்ன் லைப்ரரி பதிப்பகம் இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களுக்கு இரண்டு பட்டியல் வெளியிட்டது. ஆசிரியர் குழுவின் பட்டியலில் ‘யுலிஸஸ்’ முதலிடம். இணையத்தில் வாக்களித்த வாசகர்களின் பட்டியலில் முதல் பத்து இடங்களில் நான்கு தனிமனிதவாதக் கொள்கை எழுத்தாளர் அயன் ராண்டுக்கும் மூன்று சயின்டாலஜி இயக்கத்தை நிறுவிய எல். ரான் ஹப்பர்டுக்கும் போயின. பத்தில் ஏழு, இரண்டே ஆசிரியர்கள். அவர்களுடைய வாசகர்கள் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. திரண்டு வரும் சிறு கூட்டம், சிதறிக் கிடக்கும் பெருங்கூட்டத்தை எவ்வளவு சுலபமாக வென்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாசகர்கள் இதே பாடத்தை 2015-ல் கற்றார்கள். ஒரு கூட்டம் முன்கூட்டியே தயாரித்த பட்டியலை அப்படியே பரிந்துரைத்து, பல பிரிவுகளில் இறுதிப் பட்டியலையே நிரப்பிவிட்டது. பொறுமையிழந்த மற்ற வாசகர்கள் ஐந்து பிரிவுகளில் ‘யாருக்கும் விருது வேண்டாம்’ என்ற கட்டத்துக்கே வாக்களித்தார்கள். அந்த ஆண்டு நாவல் பிரிவில் வென்ற சீன நாவல், லியு சிஷினின் ‘தி த்ரீ பாடி ப்ராப்ளம்’, முதலில் இறுதிப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இருந்த எழுத்தாளர் ஒருவர் தானே விலகிக்கொண்டதால் காலியான இடத்துக்கு வந்து, விருதையும் வாங்கிக்கொண்டு போனது. வாசகர்கள் விரும்பிய நாவலைப் பரிந்துரைச் சுற்று எவ்வளவு சுலபமாக வடிகட்டிவிடும் என்பதற்கு இது போதும்.

ஹியூகோ விருதுக்காரர்கள் 2017 முதல் கையாளும் முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். பரிந்துரைப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு புள்ளி. ஐந்து நாவல் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கூட்டி, புள்ளியில் கடைசியாக நிற்கும் இரண்டை எடுத்து, அவற்றில் குறைவான பேர் பரிந்துரைத்ததை நீக்க வேண்டும். நீக்கிய நாவலை எழுதியிருந்தவரின் புள்ளி அவருடைய மீதி நான்குக்குப் பங்கிடப்படும். மீண்டும் கூட்டல், மீண்டும் நீக்கல், வேண்டிய எண்ணிக்கை மிஞ்சும்வரை. ஒரே ஐந்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்பினால் அந்த ஐந்தும் ஒரே புள்ளியைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஒன்றையொன்று வெளியே தள்ளும். தானாக யோசித்து எழுதியவரின் பட்டியல் மற்றவர்களுடையதோடு முழுதாகப் பொருந்தாது என்பதால் அவருக்கு இழப்பு மிகக் குறைவு.

இறுதிச் சுற்றின் இரட்டை முறையில் இன்னொரு காப்பும் தானாகவே இருக்கிறது. ஒரே நாவலை மட்டும் குறித்துவிட்டு மீதியெல்லாம் ‘படிக்கவில்லை’ என்று அனுப்பும் சீட்டுக்கு ஒப்பிட எதிராளி கிடையாது. எண்ணிக்கையில் அதன் எடை சுழியம். இதைச் சுற்றிவர வேண்டுமென்றால் படிக்காததைப் படித்ததாகப் பொய் சொல்ல வேண்டும். சொல்பவர்களும் இருப்பார்கள். ஒரே மணி நேரத்துக்குள் ஒரே வரிசையில் வந்த சீட்டுகளைத் தனியாகக் கட்டிவைத்து, அவற்றைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை எண்ணுங்கள். முடிவு மாறாவிட்டால் பிரச்சினை இல்லை. மாறினால் இரண்டையும் வெளியிடுங்கள். சந்தேகத்தின் பேரில் யாருடைய சீட்டையும் சத்தமில்லாமல் கிழித்துப் போடாதீர்கள்.

பரிந்துரைக்கும் வாக்களிப்புக்கும் இடையே குறைந்தது மூன்று மாதம் விடுங்கள். ஆங்கிலத்தில் ‘போரும் அமைதியும்’ ஏறக்குறைய 5,80,000 சொற்கள். நிமிடத்துக்கு 250 சொல் என்றாலும் 38 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ ஐம்பதாயிரம் சொல்லுக்கும் குறைவு. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். பட்டியலை இன்று வெளியிட்டு அடுத்த வாரம் வாக்குக் கேட்டால், பழைய நினைவுகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் அருகில் அது எங்கே கிடைக்கிறது, எந்த மொழிபெயர்ப்பு அச்சில் இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். சுருக்கப் பதிப்பைப் படித்தவர்களை ‘பாதியில் விட்டேன்’ கட்டத்தில் சேர்க்கலாம். ‘டான் கிஹோத்தே’வையும் ‘லே மிசராப்லே’வையும் படித்ததாகச் சொல்பவர்களில் சுருக்கத்தோடு நின்றவர்கள் நிறைய, இதைக் கேட்காமல் விட்டால் அந்த இரண்டின் எண்ணிக்கைக்கும் அர்த்தமில்லை.

முதல் பதிப்பு வந்து 25 ஆண்டு ஆகாத நாவல்களைச் சேர்க்காமல் இருப்பது எங்கள் விருப்பம். எது நாவல், எது குறுநாவல் என்ற தகராறில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் உள்ளே விடுங்கள், வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

விவாதத்துக்கு வருவோம். என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே என்ன வரும் என்பது. 1999-ல் பிரான்சில் லே மோந்த் நாளிதழ் வழி 17,000 பேரிடம் உங்கள் நினைவில் தங்கிய நூல்கள் எவை என்று கேட்டார்கள். காம்யுவின் ‘அந்நியன்’ முதலிடம் வந்தது. பிக் ரீட் கேட்டது நெஞ்சுக்கு நெருக்கமான நூலை. நினைவில் தங்கியது, நெஞ்சுக்கு நெருக்கமானது, சிறந்தது என மூன்றுக்கும் ஒரே வாசகர் மூன்று விடை தருவார். எதைக் கேட்கிறீர்களோ அதை வாக்குச்சீட்டின் தலையிலேயே ஒரு வரியில் அச்சிடுங்கள். விவாதத்தின் நடுவில் மாற்றாதீர்கள்.

விவாதத்தை இரட்டைகளாக நடத்துங்கள். ‘எது சிறந்த நாவல்’ என்று பொதுவாகத் திறந்துவிட்டால் ஆளுக்கொரு புகழுரை வந்து குவியும், எதுவும் எதையும் தொடாது. ‘மிடில்மார்ச்’சா, ‘மேடம் பொவாரி’யா என்று இரண்டை எதிரெதிரே வைத்து, இரண்டையும் படித்தவர்களை முதலில் பேசவிட்டால், பேச்சு தானாகவே கதைமாந்தர் பக்கமும் நடை பக்கமும் கட்டமைப்பின் பக்கமும் போகும். வாக்களிப்பு நடக்கும்போது இடைக்கால எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். முன்னணியில் இருப்பதன் பின்னால் ஓடுவது மனித இயல்பு. சீட்டில் தலைப்புகளின் வரிசையையும் ஒவ்வொருவருக்கும் வேறாகக் கலைத்துக் கொடுங்கள். அகர வரிசையில் போட்டால் மேலே இருப்பவற்றுக்குச் சும்மாவே சில ஓட்டு விழும்.

முடிவை வெளியிடும்போது ஒன்று முதல் இருபது வரை எண் போடும் ஆசையை அடக்க முடியுமா என்று பாருங்கள். நார்வே புத்தகக் கழகம் 2002-ல் 54 நாடுகளின் நூறு எழுத்தாளர்களிடம் கேட்டபோது, மிகத் தெளிவான இடைவெளியில் முன்னால் நின்ற ‘டான் கிஹோத்தே’வை மட்டும் முதலிடம் என்று சொல்லிவிட்டு, மற்ற 99 நூல்களைத் தரவரிசை இல்லாமல் விட்டது. அதைவிட நாணயமான அறிவிப்பை நாங்கள் பார்த்ததில்லை. உங்கள் 190 கட்டங்களில் நம்பத்தக்க வித்தியாசம் காட்டுபவை எவை என்று பார்த்து, நாவல்களை மூன்று நான்கு படிகளாக அடுக்கினால் போதும். ஒவ்வொரு நாவலுக்கும் படித்தவர் எண்ணிக்கை, பாதியில் விட்டவர் எண்ணிக்கை, முழு இரட்டை அட்டவணை, பெயர் நீக்கிய வாக்குச்சீட்டுகள் ஆகிய நான்கையும் அறிவிப்பன்றே கொடுத்துவிடுங்கள். யாராவது வீட்டில் உட்கார்ந்து திரும்ப எண்ணிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பார். அதற்கு இரண்டு வாரம் அவகாசம் வைத்து, அதுவரை முடிவைத் ‘தற்காலிகம்’ என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாக்களிக்கக் காத்திருக்கும் நாவல் வாசகர்கள்